இரண்டாவது ஸ்க்ரூ

சைபுல்லா பாய் லட்சுமணனுக்குச் செய்து கொடுத்த ஸ்டூலில் ஒரு கால் குட்டை. அது அவருக்குத் தெரியவர இரண்டு வருஷம் ஆயிற்று.

ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனவர், லட்சுமணன் வீட்டு வாசலில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நகர்ந்து உட்காரும்போது பாதத்தில் எதுவோ இடித்தது. குனிந்து பார்த்தால், ஸ்டூலின் ஒரு காலுக்கு அடியில் ஒரு தட்டைக் கல். கிடைத்ததை எடுத்துச் சொருகிய கல் இல்லை. தேடிப் பொறுக்கி, அளவு பார்த்து வைத்த கல்.

“இன்னாடா இது?” என்றார்.

“கல்லு பாய்.”

“கல்லுன்னு எனக்குத் தெரியாதா? கால் குட்டையா கீதுன்னு ஏன்டா சொல்லல? தூக்கினு வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிக் குடுத்திருப்பேனே!”

லட்சுமணன் தலையைச் சொறிந்தான். உள்ளேயிருந்து அவன் பெண்சாதி செந்தாமரைதான் பதில் சொன்னாள். “காசு வாங்காம கையால செஞ்சு குடுத்த பொருளுக்கு யாராச்சும் கொறை சொல்வாங்களா பாய்? செஞ்சவங்க மனசு நோவாதா? எங்க ஊருல அந்தப் பழக்கம் இல்லீங்க.”

சைபுல்லா விழுந்து விழுந்து சிரித்தார். ஜமுனாமரத்தூர் கடைவீதியில் ஒரு மாசத்துக்கு இதே கதைதான். டீக்கடையில் யார் அகப்பட்டாலும் பிடித்து உட்கார வைத்து, “கல்லு வைப்பானாம், வாயத் தொறக்க மாட்டானாம்” என்று தொடையில் தட்டிக்கொண்டு சொல்வார்.

அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவர் ‘எனக்கு எப்படித் தெரியும்’ என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தபோதெல்லாம் அந்த ஸ்டூல்தான் குறுக்கே வந்து நின்றது.

சைபுல்லாவுக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. பூட்ஸ் தைக்கிறவர்களுக்கு மரத்தில் அச்சுக் கட்டை செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் இருபது வருஷம் இருந்தார். பட்டறையை மூடியபோது மூலையில் கிடந்த சின்ன மில்லிங் மிஷினை யாரும் சீந்தவில்லை. பெரிய மிஷின்களுக்கு அடித்துக்கொண்டார்கள். இவர் அந்தச் சின்னதைக் கேட்டு வாங்கி, மலைக்குக் கரண்டு வந்துவிட்டதே, மரமும் அங்கேயே கிடைக்குமே என்று ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். லாரி கடைசி வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அந்த வழியாகப் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த லட்சுமணன்தான் நாலு ஆளைக் கூப்பிட்டு, மூங்கில் கழியில் மிஷினைக் கட்டி, சாமியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான். கூலி என்று நீட்டியதை வாங்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்த ஸ்டூல்.

மிஷின் பெரிய மிஷின் ஒன்றுமில்லை. ஆள் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புத் தூண், அதில் ஏறி இறங்கும் ஒரு தலை, தலையின் வாயில் கவ்விக்கொண்டு சுழலும் கட்டர், கீழே முன்னும் பின்னும் நகரும் மேஜை. மரத்தை மேஜையில் பூட்டிவிட்டுச் சக்கரத்தைத் திருகினால் கட்டர் இறங்கி வெண்ணெயாக வழித்தெடுக்கும். ஆனால் மூன்று அங்குலம்தான். அதற்குமேல் ஆழம் கேட்டால் அதன் கை எட்டாது. சைபுல்லா அதற்குத் தினமும் எண்ணெய் விட்டு, துணியால் துடைத்து, போர்த்தி வைப்பார். “எனக்கு ஒரு நாளாச்சும் இப்படிப் போத்தி வுட்டிருக்கீங்களா?” என்று அவர் மனைவி தாஹிரா கேட்பாள். அவர் மிஷின் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

எண்பத்தொன்றாம் வருஷம் மாசியில் லட்சுமணன் புளி உலுக்கப் போன மரத்திலிருந்து விழுந்தான். வலது காலை மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே ஏழு அங்குலம் விட்டு எடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் ஆடியில் அவன் நிலத்தில் ஏர் இறங்கவில்லை.

அவன் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருத்தன் நிலம் இரண்டு வெள்ளாமை தரிசாகக் கிடந்தால் பங்காளி அதில் ஏர் பூட்டலாம். ஏர் பூட்டினால் பூட்டினதுதான், திரும்பி வராது. ஆடிப் பதினெட்டுக்குள் நிலத்துக்காரன் தன் கையால் மேழி பிடித்து முதல் சால் ஓட்ட வேண்டும். மற்றதை யார் ஓட்டினாலும் கேள்வி இல்லை. லட்சுமணனுக்குப் பங்காளி முறையில் அண்ணன் அர்ச்சுனன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் எண்பத்திரண்டு பங்குனியிலேயே அவன் புதுசாக ஒரு ஜோடி மாடு பிடித்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் மரக்கால் கொடுப்பார்கள். வரிசை இருந்தது. அடுத்த தை மாசம் வரச் சொன்னார்கள். ஆனி பிறந்த மறுநாள் லட்சுமணன் இரண்டு கட்டைகளை அக்குளில் வைத்துக்கொண்டு, செந்தாமரை கூடவே ஒரு மரத்துண்டைத் தலையில் சுமந்துகொண்டு வர, சைபுல்லாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தான்.

“குமிழ மரம் பாய். பரண்ல அஞ்சு வருசமா காயுது. எடையே இல்ல பாருங்க. இதுல எனக்கு ஒரு காலு செய்ய முடியுமா?”

சைபுல்லா துண்டைத் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு முடிச்சு இல்லை. மரத்தைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுத்தது. அதுதான் அவரோடு பிறந்த வியாதி. முடியுமா என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“ஆடிப் பதினெட்டுக்கு உன் காலால நீ நெலத்துல நிப்படா. நான் நிக்க வைக்கிறேன்.”

செந்தாமரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாஹிரா அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

சொல்லிவிட்டார்; செய்ய வேண்டுமே. மரக்கால் என்றால் கட்டைக்குள் கால் இறங்கி உட்கார ஒரு குழி வேண்டும். கம்பளித் துணி வைத்துத் தைக்க இடம் விட்டால் எட்டு அங்குல ஆழம். கீழே பாதக் கட்டையைப் பூட்ட அடியிலிருந்து ஓர் இரும்பு போல்ட் மேலே ஏறும். அதற்கு ஆறு அங்குலத் துளை. கட்டையின் மொத்த நீளம் பதினைந்து. ஆகமொத்தம் மேல் குழிக்கும் கீழ்த் துளைக்கும் நடுவில் ஓர் அங்குல மரம் நிற்கும். லட்சுமணனின் முழு பாரத்தையும் போல்ட் தலையில் தாங்கப் போவது அந்த ஓர் அங்குலம்தான். உளியால் எட்டு அங்குலம் தோண்டலாம், ஆனால் இத்தனை மெல்லிய சுவரில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் கட்டை பிளந்துவிடும் என்று அவருக்குப் பயம். இருப்பது ஒரே கட்டை. மிஷின்தான் கதி. மிஷினோ மூன்று அங்குலம்தான் எட்டும்.

மிஷின் வாய் கவ்வும் கட்டரின் வாலை நீட்ட வேண்டும். சைபுல்லா திருப்பத்தூருக்குப் பஸ் ஏறினார். அங்கே லேத் பட்டறை வைத்திருந்த சேட்டு அவருக்குப் பழக்கம். பழைய மோட்டார் தண்டு ஒன்றைக் கடைந்து, ஒரு முனை மிஷின் வாய்க்குள் போகிற மாதிரியும், மறுமுனையில் ஒரு துளை போட்டு அதற்குள் சின்ன கட்டரின் வால் நுழைகிற மாதிரியும் செய்து கொடுத்தார் சேட்டு. துளையின் பக்கவாட்டில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு சின்ன ஸ்க்ரூ. அவைதான் உள்ளே போன வாலை இறுக்கிப் பிடிக்கும்.

“நீட்டு கம்பி, பாய். உதறும். மெதுவா எறக்கு, கொஞ்சம் கொஞ்சமா எடு” என்றார் சேட்டு. “அப்புறம் ஒன்னு. ரெண்டு ஸ்க்ரூவும் வாலைப் புடிக்கணும். ஒன்னு புடிச்சா போதும்னு நெனைக்காத. ஓட ஓட கட்டர் கீழே எறங்கிடும், உனக்குத் தெரியவே தெரியாது.”

“இருபது வருசமா இதானே பண்றேன்” என்றார் சைபுல்லா. தெரிந்த விஷயத்தைச் சொன்னால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

கட்டையை மேஜைமேல் நிறுத்த உயரம் போதவில்லை. மேஜையின் ஓரத்தில் இரும்புப் பட்டை போட்டு, கட்டை பக்கவாட்டில் தொங்குகிற மாதிரி பூட்டினார். முதலில் கட்டையைத் தலைகீழாகப் பூட்டி போல்ட் துளையை முடித்தார். அப்புறம் திருப்பிப் பூட்டிக் குழியைத் தொடங்கினார். நாலு அங்குலம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குக் கீழே போனதும் கம்பி உதற ஆரம்பித்தது. பட்டறைத் தகரமே அதிர்ந்தது. குழியின் சுவரில் பல் பல்லாகக் கோடு விழுந்தது.

அதற்கு வைத்தியம் அவருக்குத் தெரியும். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு அடங்கும். கம்பியை மிஷின் வாய்க்குள் அரை அங்குலம் மேலே தள்ளி இறுக்கினார். உதறல் நின்றது. குழி ஏழரை அங்குலம் வரை இழைத்த மாதிரி இறங்கியது. அங்கே நின்றுவிட்டது. மேலே தள்ளிய அரை அங்குலம் இப்போது கீழே குறைந்தது.

அன்றைக்கு ஆடிப் பதினைந்து. லட்சுமணன் காலையிலிருந்து பட்டறையில் மரத்தூள் மேலேயே உட்கார்ந்திருந்தான். மிஷின் நின்றதும் நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னா பாய், ஆயிடுச்சா?”

“இரு, இரு. அரை அங்குலம்தான்.”

திருப்பத்தூர் போய் இன்னொரு தடித்த கம்பி கடைந்துகொண்டு வரலாம். சேட்டு ஊருக்குப் போயிருந்தார். வர நாலு நாள் ஆகும். பதினெட்டு தாண்டிவிடும். சைபுல்லா கொஞ்ச நேரம் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கட்டரின் வாலைத் துளையிலிருந்து அரை அங்குலம் வெளியே இழுத்தார். திரும்ப இறுக்கினார். கீழே இருந்த ஸ்க்ரூ வாலைப் பிடித்தது. மேலே இருந்த இரண்டாவது ஸ்க்ரூவுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. அது வெறும் துளைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. அது அவருக்குத் தெரியும். அதைத் திருகும்போது விரலுக்கே தெரிந்தது.

அரை அங்குலம்தானே, மெதுவாக எடுத்தால் போச்சு என்று மிஷினைப் போட்டார்.

பாதி வேலையில் சத்தம் மாறியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் உடனே நிறுத்தவில்லை. ஒரு சுற்று முடியட்டும் என்று விட்டார். நிறுத்திவிட்டு அளவுக் குச்சியைக் குழிக்குள் விட்டபோது, எட்டு அங்குலத்துக்குப் போட்ட கோடு விளிம்போடு நிற்கவில்லை. உள்ளே போய்விட்டது. அரை அங்குலம் உள்ளே.

கட்டர் நழுவியிருந்தது. அடியில் ஓர் அங்குலம் நிற்க வேண்டிய இடத்தில் அரை அங்குலம்தான் நின்றது.

“முடிஞ்சுதா பாய்?” லட்சுமணன் முகத்தில் அப்படி ஓர் ஆசை. எட்டு வயசுப் பிள்ளை மாதிரி.

சைபுல்லாவின் வாயில் வார்த்தை வந்தது. இந்தக் கட்டை கெட்டுப்போச்சுடா, வேறு மரம் வெட்டிக் காய வைக்கணும், இந்த ஆடிக்கு ஆகாது என்று சொல்ல வேண்டும். சொன்னால் நிலம் அர்ச்சுனனுக்கு. சொன்னால், நிக்க வைக்கிறேன் என்று மார் தட்டியதும் போச்சு. இரண்டில் எது பெரிதாகத் தெரிந்தது என்று பிறகு அவர் நிறைய யோசித்துப் பார்த்தார். நிலத்துக்காகத்தான் என்று முழு மனசோடு சொல்ல அவரால் முடியவில்லை.

“முடிஞ்சுது” என்றார்.

குமிழ மரம் கெட்டியானது, அரை அங்குலம் தாங்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். மரத்தூளையும் வஜ்ஜிரப் பசையையும் குழைத்துக் குழியின் அடியில் அரை அங்குலத்துக்குப் பூசினார். அது இடத்தை நிரப்புமே தவிர, பாரம் தாங்காது. அதன்மேல் கம்பளி வைத்துத் தைத்தாயிற்று. இனி யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. வாணியம்பாடியில் தம்பியிடம் சொல்லி வரவழைத்த நல்ல தோலில் தொடைப்பட்டையும் தைத்தார். தாங்கவில்லை என்றால் வந்து சொல்வான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார்.

வந்து சொல்வானாம். ஸ்டூலுக்குக் கல் வைத்தவன்.

ஆடிப் பதினெட்டன்று ஊரே கொல்லை நிலத்தில் நின்றது. லட்சுமணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் காலோடு மேழியைப் பிடித்தான். சரிவு நிலம். முதல் அடியில் தடுமாறினான், செந்தாமரை ஓடிவந்தாள், அவன் கையைக் காட்டித் தடுத்துவிட்டான். ஒரு சால் ஓட்டினான். நிற்காமல் இரண்டாவது சாலும் ஓட்டினான். அர்ச்சுனன் வந்து அவன் தோளில் கை வைத்து, “மீதிய நான் ஓட்டித் தர்றேன் வுடுடா” என்றபோது எல்லோரும் குலவை போட்டார்கள். தாஹிராகூட அழுதாள். சைபுல்லா யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு மண்ணாங்கட்டியிலும் அந்த மரப் பாதம் ஊன்றும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏதாச்சும் கஷ்டம்னா உடனே வந்து சொல்லு” என்றார் கிளம்பும்போது.

“இன்னா பாய் கஷ்டம்? என் காலு மாதிரியே கீது.”

புரட்டாசியில் ஒரு சந்தை நாளில் லட்சுமணன் பட்டறைக்கு வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். நடை மெதுவாக இருந்தது. உட்காரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாமை நல்லா வந்திருக்கிறது, கதிர் இந்த நீளம் என்று கையைக் காட்டினான்.

“காலு எப்படிடா கீது?”

“நல்லா கீது பாய்.”

கழற்று, ஒரு தடவை பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். நாலு வார்த்தை. சைபுல்லா மிஷினுக்கு எண்ணெய் விடத் திரும்பிக்கொண்டார். அவருக்குப் பயம். நல்லா கீது என்று அவனே சொன்ன பிறகு தோண்டுவானேன் என்றும் ஒரு சாக்கு கிடைத்தது. லட்சுமணன் டீ குடித்துவிட்டு, “போய்ட்டு வர்றேன் பாய்” என்று எழுந்து போனான். தெரு முனை வரைக்கும் அவன் நிமிர்ந்தே நடந்தான். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐப்பசி கடைசியில் லட்சுமணன் செத்துப்போனான். காய்ச்சல் என்றார்கள். நாலு நாள் அனலாகக் கொதித்து, கட்டிலில் கட்டிக் கீழே தூக்கிக்கொண்டு போகும்போது மலையடிவாரத்து ஒடுகத்தூர் எட்டுவதற்குள் வழியிலேயே போய்விட்டது. சைபுல்லா அடக்கத்துக்குப் போனார். ஆண்களோடு வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, “விஷக் காய்ச்சலுங்க பாய், இந்த வருசம் ரொம்பப் பேருக்கு” என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. காய்ச்சல்தானே. கால் இல்லையே. செத்தவன் வாசலில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நிமிஷம், நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த ஒரு மூச்சுக்காக அவர் பிறகு தன்னைத் திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து, கார்த்திகையில் ஒரு மத்தியானம் செந்தாமரை வந்தாள். ஒரு கையில் சின்ன மூட்டை. இன்னொரு கையில் பழைய சேலைத் துணியில் சுற்றிய நீளமான பொருள். தாஹிரா, “வாம்மா” என்று எழுந்து போய் மூட்டையை வாங்கி வைத்தாள். சேலைத் துணியை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. பட்டறைக்குள் வந்து மிஷின் மேஜைமேல் வைத்துப் பிரித்தாள்.

“உங்க பொருளுங்க பாய். செஞ்சு குடுத்தவங்க கிட்டயே சேத்துடணும். அவரோட வச்சுப் பொதைக்கிறோம்னாங்க, நான்தான் வுடல.”

சைபுல்லா காலைக் கையில் எடுத்தார். கணுக்கால் பக்கம் முறுக்குக் கம்பி நாலு சுற்று சுற்றியிருந்தது. குழிக்குள் அவர் தைத்த கம்பளி இல்லை. கந்தல் துணி அடைத்திருந்தது. இழுத்தார். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கடைசித் துணிகள் கறுத்து, விறைத்துப் போயிருந்தன. அவற்றுக்குக் கீழே அடிமரம் நட்சத்திரமாக வெடித்து, அந்த வெடிப்பின் நடுவில் இரும்பு போல்ட்டின் தலை மேலே எட்டிப் பார்த்தது. ஒரு மனுஷன் தன் வெட்டுப்பட்ட காலைத் தினம் அதன்மேல் ஊன்றி நடந்திருக்கிறான்.

“எப்போ வெடிச்சுது?” என்றார்.

“ஆவணியில பாய். களையெடுக்கச்சொல்ல.” செந்தாமரை தலையைக் குனிந்துகொண்டாள். “கல்லு இடறி வுழுந்தாரு. அன்னைக்கு மடார்னு ஒரு சத்தம். ‘பாய் ஒரு மாசம் உக்காந்து செஞ்சத நான் கெடுத்துட்டேன்டி’ன்னு ஒரே பொலம்பல். அப்புறம் குத்த ஆரம்பிச்சுது. புண்ணாயிடுச்சு. பாய் கிட்ட எடுத்துனு போலாம்னு எத்தினி தபா சொன்னேன். ‘காசு வாங்காம செஞ்சாரு, ரெண்டு மாசத்துல ஒடைச்சுட்டு வந்து நிப்பியான்னு கேட்டா எங்க மூஞ்சிய வச்சிக்கிறது’ன்னு சொல்லிட்டாரு. புரட்டாசியில சொல்லிட்டு வர்றேன்னுதான் வந்தாரு. வந்து பாத்தா நீங்க சிரிச்சினு பேசினீங்களாம், வாய் வரலியாம். அப்புறம் புண்ணு சீழ் வச்சு, அதுலதான் காய்ச்சலே கண்டுச்சு.”

சைபுல்லா மரக்காலை மேஜைமேல் வைத்தார்.

“கோவமா பாய்? அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன். நல்ல பொருள அவரு கெடுத்துட்டாரு.”

இதற்குமேல் அவரால் முடியவில்லை. சரி, போகட்டும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த வழி அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் மன்னிப்பு கேட்ட பிறகு அந்த வழியில் நடக்க அவருக்கு உடம்பு வரவில்லை. இழுப்பறையைத் திறந்து சேட்டு கடைந்து கொடுத்த கம்பியை எடுத்தார்.

“அவன் கெடுக்கலம்மா. நான் கெடுத்தேன். இத பாரு. இதுல ரெண்டு ஸ்க்ரூ கீது. ரெண்டும் புடிக்கணும். எனக்கு அரை அங்குலம் பத்தல. ஒன்ன வுட்டுட்டேன். கட்டர் வழுக்கி அடியில கூட தோண்டிடுச்சு. ஒரு அங்குலம் இருக்க வேண்டிய எடத்துல பாதிதான் நின்னுச்சு. கல்லு இடறலன்னாலும் அது வெடிச்சிருக்கும்.”

அவள் கம்பியைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். மிஷின் வேலை அவளுக்குப் புரியாது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“புரட்டாசியில அவரு வந்தப்போ?”

“அப்பவும் தெரியும்.”

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். தூற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் தாஹிரா கையில் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

“நெலம் போனா போவுதுன்னு வுட்டிருப்போமே பாய்” என்றாள் செந்தாமரை. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா. அர்ச்சுனன் மாமா ஓட்டிட்டுப் போவட்டும், நாங்க கூலிக்குப் போயி பொழச்சிருப்போம். தை மாசம் ஆஸ்பத்திரியில காலு குடுத்திருப்பாங்க. ஆளு இருந்திருப்பாரு.”

அவள் கந்தல் துணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, திரும்பவும் குழிக்குள் அடைத்து, காலைச் சேலைத் துணியில் சுற்றினாள். அதைக் கொடுக்க வந்தவள் அதைக் கொடுக்கவில்லை. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி இடுக்கிக்கொண்டாள். வாசல் வரை போனாள். அங்கே தாஹிரா வாங்கி வைத்த மூட்டை இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறாள் என்று சைபுல்லா நினைத்தார். அவள் எடுக்கவில்லை.

“சாமை. மொத அறுப்புல பாய்க்கு ரெண்டு படி குத்திக் குடுத்துடுன்னு அவரு சொல்லிட்டுப் போனாரு. குத்தினு வந்துக்கீறேன்.” திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. “இதுல கல்லு, உமி ஏதாச்சும் இருந்தா வாயத் தொறந்து சொல்லிடுங்க பாய். மனசு நோவும்னு பாக்காதீங்க. இனிமே நாங்க அதெல்லாம் பாக்க மாட்டோம்.”

அவள் போய்விட்டாள். தாஹிரா கையிலிருந்த தண்ணீரை அவள் வாங்கவில்லை.

மறுநாள் தாஹிரா அந்தச் சாமையைப் புடைத்துப் பார்த்தாள். புடைக்க ஒன்றுமில்லை. சோறாக்கி வைத்தாள். சைபுல்லா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் மெதுவாக மென்று பார்த்தார். கண்ணீர் தட்டில் விழுந்தது, துடைத்துக்கொள்ளாமல் தின்றார். கடைசி வாய் வரைக்கும் ஒரு கல் கூட இல்லை.